பத்திரத்தில் யார் பெயர்?

அரியலூர்ப் பக்கம் ஒரு ஜோடி என்று வைத்துக்கொள்வோம். அவன் சிமெண்ட் ஆலைக்கு லாரி ஓட்டுகிறான். அவள் பெரம்பலூரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். இரண்டு வீட்டிலும் சம்மதம் இல்லை (சாதிதான், வேறென்ன?). கல்யாணம் என்று ஒன்று நடக்காமலேயே ஒரே வீட்டில் ஒன்பது வருடம் ஓடிவிட்டது. இருவர் சம்பளத்திலும் ஒரு மனை வாங்கி, வீடு கட்டி, இரண்டு கறவை மாடும் பிடித்துவிட்டார்கள். பிறகு ஒத்துவரவில்லை. பிரிகிறார்கள். வீடு யாருக்கு?

ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்தால் "ஆளுக்குப் பாதி எடுத்துக்குங்க" என்று சொல்லக்கூடும். கோர்ட்டில் அப்படி இல்லை. அங்கே கேட்கும் முதல் கேள்வி, பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பதுதான். மனை அவன் பெயரில் கிரயம் ஆகியிருந்தால், சட்டத்தின் கண்ணில் அது அவன் மனை.

தாலி கட்டியிருந்தால் பாதி கிடைத்திருக்குமே என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் தவறு! விவாகரத்து ஆகும்போது கணவன் சொத்தில் மனைவிக்குப் பாதி என்று சொல்லும் பொதுச் சட்டம் இந்தியாவில் இல்லை. ஜீவனாம்சம் உண்டு, அவ்வளவுதான். 2023 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் இதைக் கொஞ்சம் அசைத்துப் பார்த்தது. சவுதியில் பல வருடம் வேலை பார்த்தவர், தான் அனுப்பிய பணத்தில் மனைவி வாங்கிய சொத்து தனக்கே சொந்தம் என்று வழக்குப் போட்டார். வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டதும் ஒரு பங்களிப்புதான், மனைவிக்குச் சரிபாதி உரிமை உண்டு என்றது நீதிமன்றம். ஆனால் அது கணவன்-மனைவி விவகாரம். நம் ஜோடிக்கு அதைக் காட்டி வாதாடலாம், உறுதியாக நம்ப முடியாது.

மணமாகாத ஜோடிகளைப் பற்றி உச்சநீதிமன்றம் விரிவாகப் பேசியது ஒரு கோயம்புத்தூர் வழக்கில். வேலுசாமி - பச்சையம்மாள் வழக்கு. 1986-ல் தன்னைக் கல்யாணம் செய்து, சில வருடங்களில் விட்டுப் போய்விட்டார் என்று அந்தப் பெண் 2001-ல் குடும்ப நீதிமன்றத்தில் ஜீவனாம்சம் கேட்டார். அவரோ, தனக்கு 1980-லேயே வேறொரு பெண்ணுடன் கல்யாணம் ஆகிவிட்டது என்றார். 2010 அக்டோபரில் நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜுவும் டி.எஸ்.தாக்கூரும் தீர்ப்புச் சொன்னார்கள். சேர்ந்து வாழ்வது எல்லாமே 'திருமணம் போன்ற உறவு' ஆகிவிடாது. ஊரறியக் கணவன் மனைவி போல இருந்திருக்க வேண்டும், இருவருக்கும் கல்யாண வயது ஆகியிருக்க வேண்டும், இருவரும் சட்டப்படி மணம் செய்யத் தகுதியுள்ளவர்களாக (அதாவது வேறு கல்யாணம் ஆகாதவர்களாக) இருக்க வேண்டும், கணிசமான காலம் விருப்பத்தோடு சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்றார்கள். வழக்கு மறு விசாரணைக்குத் திரும்பிப் போனது. அந்தத் தீர்ப்பில் 'வைப்பு' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் வந்ததற்கு, அப்போது கூடுதல் சொலிசிட்டர் ஜெனரலாக இருந்த இந்திரா ஜெய்சிங் கடுமையாக ஆட்சேபம் தெரிவித்தார். நம் ஊர்களில் 'வச்சிருக்கான்' என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். வைத்திருப்பவன் ஒருவன், வைக்கப்பட்ட பொருள் இன்னொருத்தி என்ற அர்த்தம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பொருளுக்கு ஏது பங்கு?

அந்த நான்கும் பொருந்தினால் 2005-ம் வருடத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் கைகொடுக்கும். 2006 அக்டோபரில் அமலுக்கு வந்த சட்டம். வீடு யார் பெயரில் இருந்தாலும், சேர்ந்து வாழ்ந்த வீட்டிலிருந்து பெண்ணை இஷ்டத்துக்கு வெளியேற்ற முடியாது. கொடுமை நடந்திருந்தால் மாஜிஸ்திரேட்டிடம் தங்கும் உரிமையும் மாதாமாதம் பணமும் கேட்கலாம். மாவட்டத்தில் இதற்கென்றே பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், அவரிடமும் புகார் கொடுக்கலாம். ஆனால் இது தங்குவதற்கான உரிமை. வீட்டை அவள் பெயருக்கு மாற்றித் தராது. ஆணுக்கு இந்தச் சட்டத்தில் மனுப் போடவும் வழியில்லை. அவன் ஏற்கெனவே கல்யாணம் ஆனவன், அது அவளுக்கும் தெரியும் என்றால் அவள் நிலைமை இன்னும் மோசம். 2013-ல் பெங்களூரு வழக்கு ஒன்றில் உச்சநீதிமன்றம் அப்படிப்பட்ட பெண்ணுக்கு உதவ முடியவில்லை என்று கைவிரித்துவிட்டு, பாராளுமன்றம்தான் ஏதாவது செய்ய வேண்டும் என்றது.

இனி பணம். இங்கேதான் பெரிய குழி. பணம் ஒருவருடையது, பத்திரம் இன்னொருவர் பெயரில் என்றால் அது பினாமி ஆகலாம். கணவன் மனைவிக்கோ, பெற்றவர் பிள்ளைக்கோ கணக்கில் உள்ள பணத்தில் வாங்கினால் பினாமிச் சட்டம் விலக்குத் தருகிறது. சேர்ந்து வாழ்பவர் அந்த விலக்குப் பட்டியலில் இல்லை. ஆசையாக அவள் பெயரில் அவன் வாங்கியிருந்தாலும் சரி, அவள் காசில் அவன் பெயரில் வாங்கியிருந்தாலும் சரி, "உண்மையில் இது என்னுடையது" என்று பின்னால் வழக்குப் போடுவது சிரமம். கொடுத்த பணத்தைக் கடன் என்று கேட்டுப் பார்க்கலாம். அதற்கும் கடன்தான் என்று காட்ட ஆதாரம் வேண்டும், பொதுவாகக் கொடுத்த நாளிலிருந்து 3 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். ஒன்பது வருடத்துக்கு முன் கொடுத்த அஸ்திவாரக் காசை எங்கே போய்க் கேட்பது?

இருவர் பெயரிலும் கிரயம் செய்திருந்தால் கதையே வேறு. 1882-ம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 45-ம் பிரிவுப்படி, யார் எவ்வளவு போட்டார்களோ அந்த விகிதத்தில் பங்கு. கணக்கு எதுவும் இல்லையென்றால் சரிபாதி என்று எடுத்துக்கொள்ளப்படும். தாலி இருக்கிறதா என்ற கேள்விக்கே இங்கு இடமில்லை.

நகை விஷயமும் இப்படித்தான். அவள் வளையலை அவன் பெயரில் அடகு வைத்திருப்பார்கள். கடன் அட்டையில் இருப்பது அவன் பெயர். அவன் கையெழுத்து இல்லாமல் பணத்தைக் கட்டினாலும் மீட்க முடியாமல் அவள் அலைய வேண்டியிருக்கும்.

இதற்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. விவரமான வக்கீல் அதைத்தான் முதலில் கேட்பார்: "ஏம்மா, மாலை கீலை ஏதும் மாத்திக்கிட்டீங்களா?" தமிழ்நாட்டில் அண்ணா ஆட்சியில் கொண்டுவந்த 7-ஏ பிரிவின்படி, இந்துக்கள் இருவர் உறவினர் அல்லது நண்பர் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலே சுயமரியாதைத் திருமணம் செல்லும். ஐயர் வேண்டாம். ஊரைக் கூட்ட வேண்டியதும் இல்லை என்று 2023 ஆகஸ்டில் உச்சநீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஒன்பது வருடத்துக்கு முன் இரண்டு நண்பர்களை வைத்துக்கொண்டு கோயில் வாசலில் மாலை மாற்றியிருந்தால், 'கல்யாணம் ஆகாத ஜோடி' என்று தங்களை நினைத்துக்கொண்டிருக்கும் இந்த இருவரும் உண்மையில் புருஷன் பெண்டாட்டி! நீண்ட காலம் சேர்ந்து வாழ்ந்தாலே கல்யாணம் ஆனதாக அனுமானிக்கலாம் என்றும் பழைய தீர்ப்புகள் உண்டு. 2022-ல் ஒரு கேரள வழக்கில் அந்த அனுமானத்தை வைத்துத்தான் மகனுக்குக் குடும்பச் சொத்தில் பங்கு கிடைத்தது.

ஆகவே அவள் பழைய டிரங்குப் பெட்டியைக் குடைய வேண்டும். ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் யார், தன் பெயருக்கு எதிரே 'மனைவி' என்று போட்டிருக்கிறதா, வாக்காளர் அட்டையில் கணவர் பெயர் என்ன, செங்கல்லுக்கும் கம்பிக்கும் கொடுத்த பணம் யார் வங்கிக் கணக்கிலிருந்து போனது.... அப்படியே சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று ஒன்றுக்கும் எழுதிப் போட வேண்டும். அவளுக்குத் தெரியாமல் வீடு இந்நேரம் அவன் அண்ணன் பெயருக்கு மாறியிருந்தால், அதில் தெரிந்துவிடும்.