ஐந்தாவது தென்னை வரை

பொள்ளாச்சி பக்கம் ஒரு தோட்டம். தென்னையோடு இரண்டு கறவை மாடுகள். தோட்டக்காரருக்கு வயது 58. பல வருடங்கள் 16 லிட்டர் மருந்து டேங்க்கை முதுகில் சுமந்தவர். இடுப்பில் ஜவ்வு விலகி நரம்பை அழுத்தியதால், வலது கால் முழுக்கச் சுண்டி இழுத்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கால்வலியும் போனது. ஆனால், வீடு திரும்பியவர் கட்டிலை விட்டு இறங்கவில்லை.

'தினமும் நடங்க' என்றுதான் டாக்டர் சொல்லி அனுப்பினார். 'நடந்தா ஜவ்வு மறுபடியும் நழுவிடும்' என்பது இவர் பயம். பார்க்க வந்த உறவுக்காரர்களும் 'ஆறு மாசம் அசையாதீங்க' என்றார்கள். மனைவி கெஞ்சினார், மகன் சத்தம் போட்டான். இரண்டும் பலிக்கவில்லை. மூன்றாவது வாரம் மாட்டு வியாபாரியை வரச் சொல்லிவிட்டார்.

தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை கொடுக்கிறார்கள். அப்படி வந்த இளம்பெண் உடற்பயிற்சி பற்றிப் பேசவே இல்லை.

"எந்திரிச்சதும் மொதல்ல எங்க போகணும்ங்கய்யா?"

"கட்டுத்தரைக்குத்தான் சாமி. செவலைக்கு நானே தவிடு வெக்கோணும்."

வாசலுக்கும் கட்டுத்தரைக்கும் நடுவே ஐந்து தென்னை. "இன்னிக்கு மொத மரம் வரைக்கும் போதுங்க" என்றார் அந்தப் பெண்.

ஒருக்களித்துத் திரும்பி, கால்களைத் தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுவதற்குப் பழக்கினார். குனியாமல், இடுப்பை முறுக்காமல் இருக்கச் சொன்னார். படுத்தே கிடந்தால் முதுகைத் தாங்கும் சதைகள் மெலிந்துவிடும் என்று விளக்கினார். "நெழல்வலைக்குள்ளயே கெடந்த நாத்து மாதிரி. மெதுவாத்தான் வெயிலுக்குப் பழக்கோணும்" என்று பெரியவரே முடித்துவைத்தார்.

பேத்தி சுவரில் சாக்பீஸால் கோடு போட ஆரம்பித்தாள். "அப்பாரு, இன்னிக்கு எத்தனை மரம்?"

எட்டாவது நாள் இடுப்பில் வலி. மீண்டும் கட்டில். அந்தப் பெண் கோபப்படவில்லை. "புதுசா வேலை செஞ்ச சதை வலிக்கும். ஓய்வெடுத்தா அடங்கிடும். நாளைக்கு ஒரு மரம் கொறைச்சுக்கலாம்; நிறுத்த வேண்டாம்" என்றார். கூடவே, குடும்பத்துக்கும் ஓர் எச்சரிக்கை கொடுத்தார். கால் மரத்து வலுவிழந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ, தெரியாமல் வெளியேறினாலோ, காய்ச்சல் வந்தாலோ, தையலில் நீர் கசிந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஐந்தாவது தென்னையைத் தாண்டிய அன்று, செவலை கழுத்தை நீட்டி அவர் கையை நக்கியது. அன்று மாலையே வியாபாரிக்கு போன் போட்டு, "வர வேண்டாம்ப்பா" என்று சொல்லிவிட்டார்.

பழைய உடம்பு அப்படியே திரும்பிவிடவில்லை. மருந்து டேங்க் மகன் முதுகுக்கு மாறிவிட்டது. டாக்டர் அனுமதித்த பிறகும் தண்ணீரை அரை வாளியாகத்தான் எடுக்கிறார், முழங்காலை மடக்கி உட்கார்ந்து. ஆனால், தவிடு வைப்பது அவர்தான்.

முதுகு ஆபரேஷன் முடிந்து படுத்திருப்பவர் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். 'ஏன் நடக்க மாட்டேங்கறீங்க?' என்று கேட்பதை விட்டுவிட்டு, 'எங்க போகணும்னு ஆசை?' என்று கேட்டுப் பாருங்கள். எவ்வளவு தூரம், எத்தனை நாளில் என்பதை டாக்டரும் இயன்முறை மருத்துவரும் சொல்வார்கள். எதற்காக எழ வேண்டும் என்பது மட்டும் அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும்.