தானே விரியும் பேழை

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் மான்செஸ்டர் என்றொரு நகரம் உள்ளது. அங்குள்ள உயர்நிலைப் பள்ளி ஒன்றின் உடற்பயிற்சிக் கூடத்தில், 1992ஆம் ஆண்டு, 28 அணிகள் தாம் உருவாக்கிய எந்திரன்களுடன் களமிறங்கின. பொறியாளர் டீன் கேமன் 1989இல் நிறுவிய ‘ஃபர்ஸ்ட்’ அமைப்பு மாணவர்களுக்காக நடத்திய முதல் எந்திரன் போட்டி அது. பின்னாளில் பல நாட்டு அணிகள் கூடும் பெருவிழாவாக அது வளர்ந்தது. போட்டியில் எந்திரன் ஆற்ற வேண்டிய பணி அறிவிக்கப்பட்டதும், ஆறே வாரங்களில் அதைச் செய்து முடிக்க வேண்டியிருந்தது. முடித்ததும் மரப்பேழையில் அடைத்து அனுப்பிவிட வேண்டும் என்பது நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. அதன்பின் மாணவர்கள் தம் படைப்பைப் போட்டிக் களத்தில்தான் மீண்டும் காண இயன்றது.

எந்திரனைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் உண்டு. அதைச் சுமந்து செல்லும் பேழையைப் பற்றிப் பேசுவோர் அரியர். ஆயினும் ஆறு வார உழைப்பு முழுவதும் முன்பின் அறியாதோர் கைகளில் ஒப்படைக்கப்படும்போது, அதற்குக் காவலாக நிற்பது அந்தப் பேழை ஒன்றே. களத்தை அடைந்த பிறகும் அதனால் தொல்லை தீர்வதில்லை. திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். மூடியை இறக்கி வைக்க இடம் தேட வேண்டும். ஏறத்தாழ 54 கிலோ எடையுள்ள எந்திரனை நெஞ்சளவு உயரமுள்ள பலகைச் சுவருக்கு மேலே தூக்கி வெளியே எடுக்க வேண்டும். ஓர் அணிக்குக் கிடைக்கும் பணியிடமோ பத்தடிக்குப் பத்தடிதான். பயணக் களைப்புடன் வந்திறங்கும் மாணவர்களின் விரல் நசுங்குவதும், எந்திரனின் கை முறிவதும் இத்தகைய வேளையில்தான்.

இங்கேதான் தானே விரியும் பேழை என்னும் எண்ணம் பிறக்கிறது. தாழ்ப்பாளை நீக்கியதும் சுவர்கள் தாமாகவே தாழ வேண்டும். ஒரு சுவர் எந்திரன் உருண்டிறங்கும் சாய்தளமாகட்டும். இன்னொன்று பாதியில் நின்று பணிமேசையாகட்டும். மூன்றாவது நின்றபடியே கருவிகளைத் தொங்கவிடும் பலகையாகட்டும். தூக்குவதற்கு வேலையே இல்லை. கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இவ்வெண்ணத்தைத் தாளில் வரையத் தொடங்கியதும் இயற்பியல் குறுக்கிடுகிறது.

1.2 மீட்டர் உயரமும் அதே அகலமும் கொண்ட சுவர் ஒன்றைக் கருதலாம். 12 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒட்டுப்பலகையால் செய்தால், பலகை மட்டும் பத்துக் கிலோவுக்குச் சற்று மிகும். சட்டங்களையும் கீல்களையும் சேர்த்தால் 15 கிலோ எனக் கொள்ளலாம். அதன் நிறை மையம் தரையிலிருந்து 0.6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அச்சுவர் தடையின்றிச் சாய்ந்து விழுமானால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 88 ஜூல். ஒரு கிலோ எடையுள்ள கல் ஒன்பது மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து, விழுவதற்கு அது நிகரானது. அருகில் நிற்பவர் பாதம் என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதில் மற்றொரு விந்தையும் உண்டு. செங்குத்தாக நிற்கும் சுவரின் மீது ஈர்ப்புவிசை எவ்விதத் திருப்புவிசையையும் தருவதில்லை. தாழ்ப்பாளை நீக்கினாலும் அது அசையாமல் நிற்கும். காற்றோ தரையின் சரிவோ உள்ளே தள்ளினால் எந்திரன் மீதே சாயவும் கூடும். ஆகவே தொடக்கத்தில் அதை வெளிப்புறமாகச் சற்றே தள்ளிவிட ஒரு சிறு சுருள்வில் தேவை. பிறகு ஈர்ப்புவிசை பொறுப்பேற்றுக்கொள்கிறது. சுவர் சாயச் சாயத் திருப்புவிசை பெருகி, கிடைமட்டத்தை நெருங்கும்போது உச்சத்தை எட்டுகிறது. எனவே இறுதிக் கட்டத்தில்தான் அதை இறுகப் பிடித்து நிறுத்தும் கை வேண்டும். மகிழுந்தின் பின்கதவைத் தாங்கும் வாயு உருளை அப்பணியைச் செய்யும். தானே விரிய வேண்டிய பேழைக்குத் தள்ளும் வில் சிறியதாகவும், தடுக்கும் உருளை பெரியதாகவும் அமைகின்றன. திறக்கும் பொறியை வடிவமைக்க அமர்ந்தவர் பெரும்பாலும் தடுக்கும் பொறியைத்தான் வடிவமைக்கிறார்.

செடிகள் இந்த வித்தையை வேறு விதமாகச் செய்கின்றன. முற்றிய காசித்தும்பைக் காயைத் தொட்டதும் அதன் தோல் சுருண்டு விதைகள் சிதறுகின்றன. விதை சிதறுவதே அங்கு நோக்கம். ஆதலால் அதற்குத் தடுப்பு எதுவும் வேண்டியதில்லை. உள்ளே உள்ள பொருள் சிதறக் கூடாது என்னும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

அச்சிக்கலை மனித இனம் மிகத் தொலைவில் எதிர்கொண்ட நிகழ்வு ஒன்று உண்டு. 1996 டிசம்பர் 4 அன்று அமெரிக்காவின் நாசா ஏவிய மார்ஸ் பாத்ஃபைண்டர் விண்கலம், 1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கியது. அதன் தரையிறங்கு கலம் ஒரு நான்முகி. அடித்தளமாக ஒரு முகமும், இதழ்களாக மூன்று முகங்களும் அதற்கு இருந்தன. உள்ளே சக்கரங்களை மடக்கிக் குந்திய நிலையில் சோஜர்னர் என்னும் சிற்றூர்தி இருந்தது. அதன் எடை சுமார் பத்தரைக் கிலோ. மாணவர்களுக்கான கட்டுரைப் போட்டியில் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி பரிந்துரைத்த பெயர் அது.

காற்றுப்பைகளால் சூழப்பட்ட அக்கலம் செவ்வாய்த் தரையில் பந்துபோல் துள்ளித் துள்ளி உருண்டது. எந்த முகம் கீழே அமையும் என்பதை எவராலும் முன்கூட்டிக் கூற இயலாது. பூமியிலிருந்து உதவவும் வழியில்லை. வானொலிச் செய்தி ஒன்று அங்குச் சென்று சேரவே பத்து நிமிடத்திற்கு மேலாகும். ஆகையால், எந்த முகம் தரையில் படிந்தாலும் அதை உணர்ந்து, உரிய இதழை மோட்டாரால் தள்ளித் தன்னைத்தானே நிமிர்த்திக்கொள்ளும் வகையில் கலம் அமைக்கப்பட்டிருந்தது. நற்பேறாக அது அடித்தளத்தின் மீதே வந்து நின்றது. காற்றுப்பைகள் சுருட்டி இழுக்கப்பட்டன. பின்னர் இதழ்கள் மெல்ல விரிந்தன. தரையைத் தொட்டதிலிருந்து விரிந்து முடிய ஒரு மணி நேரத்திற்கும் மேல் ஆயிற்று. இதழ்களின் உட்புறத்தில் சூரிய மின்தகடுகள் பதிக்கப்பட்டிருந்தன. பயணத்தில் சுவராக இருந்தது, விரிந்ததும் மின்நிலையமானது. சுவரையே மேசையாக்க விரும்பும் மாணவரின் சிந்தனையும் இதே வழியில்தான் செல்கிறது.

எனினும் அங்கும் ஓர் இடையூறு நேர்ந்தது. காற்றுப்பை ஒன்று முழுமையாகச் சுருங்காமல் ஊர்தி இருந்த இதழின் அருகே புடைத்து நின்றது. பொறியாளர்கள் அந்த இதழை மீண்டும் மேலே உயர்த்தி, பையை இன்னும் இழுத்துச் சுருட்டிவிட்டு, இதழைத் திரும்பத் தாழ்த்தினர். முன்புறச் சாய்தளம் தரையைத் தொடாமல் அந்தரத்தில் நின்றதால், சோஜர்னர் பின்புறச் சாய்தளத்தின் வழியே இறங்கியது. இதழ்கள் விரிய மட்டுமே அறிந்திருந்தால் அந்தப் பயணம் வாசலிலேயே முடிந்திருக்கும். பாதி விரிந்த நிலையில் நிற்கவும், தேவைப்பட்டால் திரும்ப மூடவும் அவை அறிந்திருந்தன. வெளியேற இரண்டாவது வழியும் இருந்தது.

மரப்பேழைக்கும் இவை வேண்டும். ஒரே தாழ்ப்பாளில் நான்கு சுவர்களும் ஒருசேரச் சரிவது பார்வையாளர்க்கு வியப்பளிக்கலாம். பத்தடிப் பணியிடத்தில் அது ஆபத்து. முதலில் மூடி, அடுத்துச் சாய்தளச் சுவர், பிறகு மேசைச் சுவர் என வரிசை அமைய வேண்டும். முந்தையது முழுமையாகத் திறந்தாலன்றிப் பிந்தையதன் தாழ் விடுபடக் கூடாது. சுவர் எங்கே நின்றாலும் ஒரு கையால் பிடித்து நிறுத்தக்கூடிய அளவிலேயே அதன் வேகம் இருக்க வேண்டும். பாத்ஃபைண்டரைப் போல் தலைகீழாக விழுந்து நிமிர வேண்டிய தேவை பேழைக்கு இல்லை. சரக்கேற்றும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் இரு கரங்களும் நுழையும் இடைவெளியை அடிப்புறத்தில் மட்டும் விட்டால், வேறு பக்கமாகத் தூக்குவதற்கு எவர்க்கும் தோன்றாது. அம்புக்குறி வரைவதைக் காட்டிலும் அது உறுதியான வழி.

எல்லை கடக்கும் அணிகளுக்கு மேலும் ஒரு கணக்கு உண்டு. மரத்தினுள் ஒளிந்து நாடுவிட்டு நாடு செல்லும் பூச்சிகளைத் தடுக்க, சரக்குப் பெட்டிக்கான மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியசில் முப்பது நிமிடம் சூடேற்ற வேண்டும் என்பது பன்னாட்டு விதி. வெப்பமும் அழுத்தமும் கொடுத்து ஒட்டப்படும் ஒட்டுப்பலகைக்கு விலக்கு உண்டு. ஆனால் அதைத் தாங்கும் மரச்சட்டங்களுக்கு இல்லை.

போட்டி முடிந்த மாலையில் பேழையை மீண்டும் மூட வேண்டும். அப்போது எதுவும் தானே நடப்பதில்லை. இறங்கிய சுவர்களை ஏற்ற வேண்டும். விரிந்த வில்லை மறுபடி அழுத்தித் தாழிட வேண்டும். அதற்குக் குறைந்தது இருவர் தேவை. ஆதலால் சுவர்களின் உட்புறத்தில், கருவிப்பலகை மறைக்காத ஓரத்தில், மூடும் வரிசையைப் பெரிய எண்களில் எழுதுவார்கள். திறந்த வரிசையில் மூன்றாவதாக இருந்த மேசைச் சுவரில் ஒன்று என எழுதியிருக்கும். முதலாவதாகத் திறந்த மூடியில் மூன்று.