பெடல் கல்லாகிவிட்டதா?

ஆடலூர், பன்றிமலைப் பக்கம் காப்பி, மிளகு, மலைவாழை ஏற்றும் பழைய டீசல் பிக்கப்களில் அடிக்கடி கேட்கும் புகார் இது: "பிரேக் கல்லு மாதிரி இருக்குண்ணே." உடனே லைனிங்கை மாற்றச் சொல்கிறார்கள். பாதி நேரம் அது தண்டச் செலவு; குறை, வெற்றிடத்தைக் கொண்டு நம் மிதிக்குப் பலம் சேர்க்கும் பிரேக் பூஸ்டர் பக்கம் இருக்கும்.

பெட்ரோல் இன்ஜினில் காற்றை உறிஞ்சும் குழாயிலேயே வெற்றிடம் கிடைக்கும். டீசலில் அப்படிக் கிடைக்காது. பெரும்பாலும் ஆல்டர்னேட்டரின் முதுகில் இருக்கும் வாக்குவம் பம்ப்தான் பிரேக் பூஸ்டருக்கு உயிர்.

சோதிக்கக் காசு வேண்டாம். சமதரையில் கட்டையைப் போட்டு, இன்ஜினை அணைத்து, பெடல் இறுகும்வரை மிதியுங்கள். காலை எடுக்காமல் ஸ்டார்ட் பண்ணுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. பிறகு அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் பொறுத்து மிதியுங்கள். முதல் மிதியே கல்லாக இருந்தால் எங்கோ ஒழுகுகிறது. முதலில் பார்க்க வேண்டியவை: வெடித்த ரப்பர் ஹோஸ், தளர்ந்த கிளிப், ஒருவழி வால்வு. மிதித்துப் பிடிக்கும்போது 'உஸ்ஸ்' சத்தம் நிற்காமல் வந்தால் பூஸ்டருக்குள் டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம்.

இன்னொன்று: 1,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவு. பூஸ்டரின் பலமும் அந்த அளவுக்குக் குறையும். கீழே சமாளித்த சின்ன ஒழுகல், மேலே பல்லைக் காட்டும்.

டீசல் மிச்சம் என்று இறக்கத்தில் இன்ஜினை அணைத்து உருட்டுகிற அண்ணன்மார்களே, பம்பும் அதோடு நின்றுவிடும். மிஞ்சுவது இரண்டு மூன்று மிதி. தயவுசெய்து கியரிலேயே இறங்குங்கள்.