பூண்டியிலிருந்து துறைமுகம் வரை

திருமுருகன்பூண்டியில் வழிப்பறிக்குப் பழைய கதை ஒன்று உண்டு. சேரமான் பெருமாள் கொடுத்தனுப்பிய பொன்னோடும் பொருளோடும் சுந்தரர் இவ்வழியே வர, சிவபெருமானின் பூதகணங்களே வேடர் வடிவில் மறித்து எல்லாவற்றையும் பறித்துக்கொண்டன என்கிறது தலபுராணம். சுந்தரர் நேரே கோயிலுக்குப் போய், வழிப்போக்கரை அடித்துப் பிடுங்கும் இந்த ஊரில் உமக்கென்ன வேலை என்று சண்டை பிடிக்கிற தொனியில் பதிகம் பாடினார். பொருள் திரும்பி வந்தது. அதே ஊரின் பனியன் கம்பெனி வாசல்களிலிருந்துதான் இன்று கண்டெய்னர் லாரிகள் தூத்துக்குடிக்குப் புறப்படுகின்றன.

லாரி ஓட்டுவது பிழைப்புக்கு உகந்த தொழில்தானா என்று கேட்கும் இளைஞருக்கு, இந்த ஒரு சாலையைக் காட்டினாலே போதும். முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் நீளும் வழி. ஆனால் ஓட்டுநரின் பாடு ஸ்டியரிங்கைப் பிடிப்பதற்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது.

காலியான பெட்டியோடு மதியமே வண்டி கம்பெனிக்குள் வந்துவிடும். உள்ளே அயர்னிங் முடிந்திருக்காது. செக்கிங்கில் நூறு பீஸ் திரும்பியிருக்கும். அட்டைப்பெட்டியில் ஒட்ட வேண்டிய ஸ்டிக்கர் வந்திருக்காது. “ஏனுங்கண்ணா, லோடு எப்பங்க முடியும்?” “இன்னொரு மணி நேரமுங்க தம்பி.” இந்த ஒரு மணி நேரம் இரவு பத்து வரை நீளும். கேபினுக்குள் வெக்கை, வெளியே கொசு. துறைமுகத்தில் கப்பலுக்குப் பெட்டியைச் சேர்க்க வேண்டிய கட்-ஆஃப் நேரமோ யாருக்காகவும் நகராது. கம்பெனிக்குள் தொலைந்த நேரத்தையெல்லாம் சாலையில்தான் மீட்டாக வேண்டும். அதை மீட்க ஓட்டுநரிடம் தூக்கத்தைத் தவிர வேறு கையிருப்பு இல்லை.

சீல் வைத்ததும் அவிநாசி சாலை வழியே திருப்பூருக்குள் இறங்கி, நொய்யலைக் கடந்து, தாராபுரம் சாலையைப் பிடிக்க வேண்டும். அவிநாசிபாளையம், கொடுவாய், குண்டடம் தாண்டினால் காற்றாலைகளின் நாடு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடி மாதத்தில் இங்கே வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். ஹைகியூப் பெட்டி ஒன்பதரை அடி உயரம். உள்ளே இருக்கும் பனியன் சரக்கோ இடத்தை அடைக்குமே தவிர எடை குறைவு. இரும்பு ஏற்றியவருக்கு இல்லாத அச்சம் பனியன் ஏற்றியவருக்கு உண்டு. இதையெல்லாம் எந்த ஓட்டுநர் பள்ளியும் கற்றுத் தருவதில்லை. கனரக உரிமத்துக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்றிருந்த விதியையும் 2019-இல் நீக்கிவிட்டார்கள். படிப்பு வேண்டாத வேலை என்று ஊர் இதை மலிவாகப் பார்ப்பது எனக்குக் கோபம் தருகிறது. நாற்பதடிப் பெட்டியை, திருப்பூர்ச் சந்து ஒன்றின் கம்பெனி வாசலுக்குள் ரிவர்ஸில் நுழைப்பவரின் வித்தைக்குச் சான்றிதழ் இல்லை, அவ்வளவுதான்.

தாராபுரத்தில் அமராவதியைக் கடந்து கள்ளிமந்தயம், பிறகு ஒட்டன்சத்திரம். காய்கறிச் சந்தை ஊர் என்பதால் நள்ளிரவிலும் டீக்கடை உண்டு. திண்டுக்கல்லில் நான்குவழிச் சாலை சேரும். கொடைரோடு டோல்கேட், மதுரைப் புறவழி, எலியார்பத்தி டோல்கேட்.

அருப்புக்கோட்டைக்குப் பிறகுதான் உண்மையான சோதனை. நேர்கோட்டுச் சாலை, இருபுறமும் கரிசல் வெளி, நேரம் விடியற்காலை மூன்றைத் தொட்டிருக்கும். அந்த மூன்று மணியை அவிநாசிக்காரர்கள் மறக்க மாட்டார்கள். 2020 பிப்ரவரி 20 அன்று அவிநாசி அருகே, கேரளப் பக்கமிருந்து டைல்ஸ் ஏற்றி வந்த கண்டெய்னர் லாரி சாலைத் தடுப்பைத் தாண்டி, பெங்களூரிலிருந்து எர்ணாகுளம் போய்க்கொண்டிருந்த கேரள அரசுப் பேருந்தின் மீது மோதியது. பத்தொன்பது பேர் இறந்தார்கள். ஓட்டுநர் கண்ணயர்ந்ததாகவே அப்போது சொல்லப்பட்டது. ஓட்டுநரின் பொறுப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இப்படியொரு விபத்து நடக்கும்போதெல்லாம், அதற்கு முந்தைய பகலை அவர் எங்கே, எப்படிக் கழித்தார் என்பதையும் விசாரிக்க வேண்டும் என்கிறேன்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1961-இன் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேர வேலை, ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்தால் நடுவே அரைமணி ஓய்வு என்று வகுத்தது. ஐந்து பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருப்பவர்களுக்கு அது தானாகப் பொருந்தவில்லை. நம் பக்கம் ஒன்றிரண்டு வண்டி வைத்திருக்கும் உரிமையாளர்கள் ஏராளம். அவர்களில் பலர் நேற்றைய ஓட்டுநர்கள், மாதத் தவணையில் மூச்சுத் திணறுபவர்கள். 2025 அக்டோபர் முதல் தயாராகும் கனரகச் சரக்கு வண்டிகளில் ஏ.சி. கேபின் கட்டாயம் என்ற விதி நல்லது. அதனால் காத்திருக்கும் நேரத்தின் வெக்கை குறையும். அந்த நேரத்துக்குக் காசு வராது.

எட்டயபுரம் கடந்து, புதூர் பாண்டியாபுரம் டோல்கேட் தாண்டினால் தூத்துக்குடி. 1906-இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி இங்கிருந்துதான் கொழும்புக்குக் கப்பல் விட்டது. இன்று அவர் பெயரைத் தாங்கிய துறைமுகத்திலிருந்து திருப்பூர்ப் பெட்டிகள் பலவும் கொழும்பு போய்த்தான் பெரிய கப்பலுக்கு மாறுகின்றன. துறைமுக வாசலில் மறுபடியும் வரிசை. மறுபடியும் காத்திருப்பு.

ஏற்றி இறக்காமல் கப்பலைக் காக்கவைத்தால் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் உண்டு. பெட்டியைத் திருப்பித் தரத் தாமதமானால் டிடென்ஷன். சில ஒப்பந்தங்களில் காத்திருக்கும் லாரிக்கும் ஹால்டிங் சார்ஜ் உண்டு. அது உரிமையாளர் கணக்கில் சேரும். டிரிப்புக்கு இவ்வளவு என்று படி வாங்கும் ஓட்டுநருக்கு, கம்பெனி வாசலில் கழிந்த பகல் கணக்கிலேயே வராது.

ஆகவே கேட்கும் இளைஞருக்கு என் பதில்: தொழில் நல்லது, வா, ஆனால் சேருமுன் சம்பளம் எவ்வளவு என்பதோடு ஹால்டிங் யாருக்கு என்றும் கேள். கம்பெனிக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். லோடு தாமதமாகும் ஒவ்வொரு மணிக்கும் ஓட்டுநர் பெயரில் நூறு ரூபாய் எழுத வேண்டும் என்று வைத்துப் பாருங்கள். அட்டைப்பெட்டி ஸ்டிக்கர் முந்தின நாளே வந்துவிடும்.