கோட்டைமேட்டிலிருந்து பஸ்ரா வரை

சில ஆண்டுகளுக்கு முன், திருக்குறளின் தூது அதிகாரத்தை இளங்கலை மாணவர்க்கு நடத்திக்கொண்டிருந்தோம். பாடத்தை நம் மண்ணுக்கு அருகில் கொண்டுவரும் ஆசையில், கொங்கு நாட்டையும் ஆண்ட திப்பு சுல்தான் துருக்கிக்குத் தூது அனுப்பிய செய்தியைச் சொன்னோம். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஒரே சமயத்தார், ஆகவே உதவி கேட்டார்" என்று போகிற போக்கில் ஒரு வரியையும் சேர்த்துவிட்டோம். 1998க்குப் பிந்தைய கோவையில் அவ்வரி எங்கே போய் விழும் என்று எண்ணிப் பார்க்கவில்லை. கோட்டைமேட்டிலிருந்து வரும் மாணவர் ஒருவர் எழுந்தார். மறுத்துப் பேசுவார் என்று எதிர்பார்த்தோம். "போனவங்க எல்லாம் திரும்பி வந்தாங்களாங்கய்யா?" என்று மட்டும் கேட்டார். நம்மிடம் விடையில்லை.

அன்று மாலையே நூலகத்தில் தேடத் தொடங்கினோம். 1786 மார்ச்சில் நான்கு கப்பல்கள் மேற்குக் கடற்கரையிலிருந்து புறப்பட்டிருக்கின்றன. ஏறத்தாழ 900 பேர். தலைவர் குலாம் அலி கான். கப்பல்களில் சந்தனமும் மிளகும் ஏலமும் துணியும், அன்பளிப்பாக யானைகளும். மஸ்கட், பஸ்ரா, பாக்தாத் வழியாகக் கான்ஸ்டான்டிநோபிள் சேர்ந்தபோது 1787 ஆகிவிட்டது. யானை ஒன்றுகூட அந்நகரைக் காணவில்லை. கடலும் நோயும் வழியெங்கும் ஆட்களைத் தின்றன. எஞ்சியோரில் பலரைக் கான்ஸ்டான்டிநோபிளின் கொள்ளைநோய் கொண்டுபோயிற்று. நான்காண்டு அலைந்து ஊர் திரும்பியோர் மிகச் சிலர். மாணவரின் கேள்விக்கு இதுதான் விடை.

ஆனால் அவர்கள் சுமந்து சென்ற கோரிக்கைகளைப் படித்தபோதுதான் நம் ஒற்றை வரி எவ்வளவு சோம்பேறித்தனமானது என்று விளங்கிற்று. படை வேண்டும், செலவு மைசூருடையது என்பது ஒன்று. துப்பாக்கி, கண்ணாடி, கடிகாரம் செய்யத் தெரிந்த கைவினைஞர் வேண்டும் என்பது இன்னொன்று. எல்லாவற்றிலும் வியப்பானது, பஸ்ரா துறைமுகத்தை மைசூருக்குக் குத்தகைக்கு விட வேண்டும், மாற்றாக மங்களூரில் ஒட்டோமானியர் இடம் பெறலாம் என்ற யோசனை. பக்திப் பேச்சின் ஊடே ஒரு வணிகனின் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

பஸ்ராவின் கதையையும் சற்றுச் சொல்ல வேண்டும். தூதர்கள் செல்வதற்குப் பத்தாண்டு முன்புதான் பாரசீகத்தின் கரீம் கான் அதனை முற்றுகையிட்டு, 1776இல் கைப்பற்றி, மூன்றாண்டு வைத்திருந்தார். முற்றுகையை உடைக்க மஸ்கட்டின் இமாம் கப்பற்படை அனுப்பினார். ஏமனின் காப்பிக் கொட்டையைச் செங்கடல் வாயிலிலிருந்து பஸ்ராவுக்கு ஏற்றிச் செல்வோர் மஸ்கட்டின் மாலுமிகளே. துறைமுகம் போனால் பிழைப்பும் போகும். அடித்தவரும் அடிபட்டவரும் உதவிக்கு வந்தவரும் இசுலாமியரே. சமயம் அங்கே எதனைத் தீர்மானித்தது?

கான்ஸ்டான்டிநோபிளிலும் அப்படித்தான். ஆகஸ்ட் 1787இல் ரஷ்யாவோடு போர் தொடங்கிவிட்டது. ஆங்கிலேயரின் நட்பு சுல்தானுக்குத் தேவை. அப்துல் ஹமீது தூதரை மரியாதையாக வரவேற்றுப் பரிசுடை தந்து அனுப்பினார். படையும் இல்லை, பஸ்ராவும் இல்லை. அடுத்த சுல்தான் மூன்றாம் செலிம் 1798இல் திப்புவுக்குக் கடிதமே எழுதினார்: பிரெஞ்சுக்காரரை நம்பாதீர், ஆங்கிலேயரோடு இணங்கிப் போங்கள் என்று. நெப்போலியன் எகிப்தில் இறங்கியிருந்த நேரம் அது. அக்கடிதத்தைத் திப்புவிடம் சேர்ப்பித்தவர் ஆங்கிலக் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி! அடுத்த மே மாதம் 4ஆம் நாள் திப்பு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மாண்டார். கொங்கு கும்பினியார் கைக்குப் போயிற்று.

இதற்கெல்லாம் செலவான பொன்னில் நம் ஊர்க் குடியானவரின் வரியும் உண்டுதானே? கொங்கிலிருந்து மைசூருக்குப் போன வரிப்பணத்தை வழிமறித்த தீரன் சின்னமலையின் கதை இன்றும் இங்கே சொல்லப்படுகிறது. அதே சின்னமலை பின்னாளில் திப்புவின் பக்கம் நின்று போரிட்டார். நம் மக்களும் வசதியான ஒற்றை வரிக்குள் அடங்குபவர்கள் அல்லர்.

மஸ்கட்டின் கதை வேறு. அங்கே மைசூருக்கு ஒரு பண்டகசாலை இருந்தது. கர்க்பாட்ரிக் மொழிபெயர்த்து 1811இல் வெளியிட்ட திப்புவின் கடிதங்களில் அதன் அலுவலர்க்குச் சென்ற ஆணைகளைக் காணலாம். சந்தனத்தை விலையறிந்து விற்க வேண்டும். பட்டுப்புழு முட்டை, பேரீச்சங்கன்று, குங்குமப்பூ விதை, முத்துக் குளிப்போர் எல்லாம் தேடி அனுப்ப வேண்டும். (உடுமலைப் பக்கத்து மல்பெரித் தோட்டங்களைக் கடக்கும்போது இப்போது இக்கடிதங்கள் நினைவுக்கு வருகின்றன.) மஸ்கட்டுக்கோ மங்களூர் அரிசி இல்லாமல் உலை கொதிக்காது. மைசூரின் சரக்குக்குச் சுங்கம் குறைத்தார்கள். பேரரசரின் பரிசுடையைவிட இந்தச் சுங்கச் சலுகை பெரிது என்பது நம் கருத்து.

அடுத்த வாரம் வகுப்பில் நம் வரியைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, இவற்றைச் சொன்னோம். அந்த மாணவர் குறிப்பேட்டிலிருந்து நிமிர்ந்தார்.

"எங்கப்பா பதினொரு வருசம் மஸ்கட்டுலதானுங்கய்யா இருந்தாரு. மளிகைக் கடை. அரிசி மூட்டையெல்லாம் நம்ம பக்கத்துல இருந்துதான் வருமாமுங்க."