கணினியும் கொழுந்து மலையும்

பதுளைக்குப் புகையிரதம் வந்து சேர்ந்தது 1924 ஆம் ஆண்டிலாகும். மலைநாட்டுப் பாதையின் இறுதி நிலையம் அதுவே. தேயிலைப் பெட்டிகளை இறக்கிச் செல்ல வந்த அப்பாதை, அப்பெட்டிகளை நிரப்பியோரின் பிள்ளைகளுக்குக் கல்வியை ஏற்றி வரவில்லை. 1970களின் பிற்பகுதி தொடக்கம் அரசு படிப்படியாகப் பொறுப்பேற்கும் வரை, தோட்டப் பாடசாலைகள் பல ஓர் அறையும் ஓர் ஆசிரியருமாகவே இயங்கின. ஆதலால், ஒரு புதிய கல்விச் சாதனம் நாட்டிற்கு எப்போது வந்தது என்பதிலும், அது கொழுந்து மலைக்கு எப்போது ஏறியது என்பதே ஊவாத் தோட்டத் தமிழர் எழுப்ப வேண்டிய வினாவாகும். இவ்வினாவை மனத்திருத்திப் பேராசிரியர் வி. கே. சமரநாயக்கவின் வாழ்வை நோக்குதல் பயனுடையது.

1939 இல் பிறந்த சமரநாயக்க, இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்று, இலண்டனில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். கொழும்பில் விரிவுரையாளராகவும் பேராசிரியராகவும் விளங்கி, இலங்கைக் கணினித்துறையின் தந்தை எனப் போற்றப்பட்டார். மேலைநாட்டிலே சீமோர் பேப்பர்ட் போன்றோர், கணினியைக் கொண்டு குழந்தை எவ்வாறு சிந்திக்கக் கற்கும் என ஆராய்ந்து, 1967 இல் ‘லோகோ’ என்னும் கணினி மொழியை உருவாக்கினர். கணினியே அரிதாயிருந்த நம் நாட்டில் வினா வேறாயிற்று. அக்கருவி மாணவனை எவ்வாறு சென்றடையும்? எம்மொழியில் அவனோடு பேசும்?

சமரநாயக்கவின் பணி இவ்விரு வினாக்களையும் சுற்றியே அமைந்தது எனலாம். 1982 சனாதிபதித் தேர்தல் முடிவுகளைத் தொலைக்காட்சித் திரையில் கணினி வழியாக மும்மொழியிலும் காட்டும் முயற்சியில் அவரது குழுவினர் ஈடுபட்டனர். 1980களின் இறுதியில், சிங்களத்தில் ‘சொல் நட்சத்திரம்’ எனப் பொருள்படும் ‘வதன் தருவ’ என்னும் மும்மொழிச் சொற்செயலி அவர்களால் உருவாயிற்று. தமிழ் எழுத்தும் கணினியில் இடம்பெற வேண்டுமென ஒரு சிங்களப் பேராசிரியர் கருதியமை ஈண்டு நினைவுகூரத்தக்கது.

1987 இல் கணினித் தொழில்நுட்ப நிறுவகமும், 2002 இல் கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியும் அவரது முயற்சியால் தோன்றின. இவ்விரண்டுக்கும் இடையே, 2000 ஆம் ஆண்டில், தகவல் தொழில்நுட்ப இளமாணி வெளிவாரிப் பட்டம் தொடங்கப்பட்டது. பல்கலைக்கழகத்தினுள் இடம் பெறாதவரும் தம் ஊரிலிருந்தே கற்றுப் பரீட்சைக்குத் தோற்றலாம் என்பது இதன் அடிப்படையாகும். பின்னர் பாடங்கள் இணையவழியாகவும் கிடைத்தன. சில புள்ளிகளால் வாய்ப்பிழந்த பசறை இளைஞனுக்கும் அப்புத்தளை யுவதிக்கும் இது ஒரு கதவு என்பதில் ஐயமில்லை.

எனினும் கதவு திறந்திருப்பது வேறு. அதுவரை நடந்து செல்ல வழியிருப்பது வேறு. அப்பட்டத்தின் பாடமும் பரீட்சையும் ஆங்கிலத்தில் அமைந்தவை. ஆங்கில ஆசிரியரே அரிதான பாடசாலையிற் பயின்ற பிள்ளைக்கு, கருவியைக் கற்குமுன் மொழியைக் கடக்கும் சுமையும் சேர்கின்றது. தந்தையும் தாயும் நாட்சம்பளத்தில் வாழும் லயன் குடும்பத்திலே, தனியார் வகுப்புக்கும் கணினிக்கும் பணம் எங்கிருந்து வரும்?

தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையத்தின் தலைவராகவும் அவர் பணியாற்றினார். அந்நிறுவனம் கிராமங்கள்தோறும் நிறுவிய ‘நெனசல’ அறிவகங்கள் இக்குறையைப் போக்க முனைந்தன. 2005 இல் பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் எழுந்து, அங்கும் கணினி விஞ்ஞானம் கற்பிக்கப்படலாயிற்று. 2007 இல் பேராசிரியர் மறைந்தார். அவர் விட்டுச் சென்ற பணி எவ்வளவு எஞ்சியிருந்தது என்பதைக் கொள்ளைநோய்க் காலம் காட்டிற்று. 2020 இல் பாடசாலைகள் மூடப்பட்டுக் கல்வி கைத்தொலைபேசிக்கு மாறியபோது, அலைவரிசை எட்டாத மலைகளிலே பிள்ளைகள் உயரம் தேடி அலைந்தனர். 2021 இல், தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த லுணுகலையில், மலையுச்சி மரமொன்றில் அமைந்த குடிலுக்குப் பெரியோர் துணையோடு ஏறிச்சென்று பிள்ளைகள் பாடம் கேட்டனர்.

அப்பிள்ளைகளிடம் கற்கும் வேட்கை குறைந்திருக்கவில்லை என்பதற்கு அவர்கள் ஏறிய மரமே சான்று. குறைந்திருந்தவை கருவியும், தொடர்பும், தாய்மொழியிலான பாடமுமே. இம்மூன்றும் ஒருங்கே சென்று சேராதவிடத்து, கல்வித் தொழில்நுட்பம் உள்ளவனுக்கு மேலும் கொடுத்து இல்லாதவனை மேலும் பின்தள்ளும். திரையிலே தமிழுக்கு இடம் வேண்டுமென உழைத்த பேராசிரியரின் பணியைத் தொடர்வதாயின், அத்திரையில் தமிழ்ப் பாடங்களை நிரப்புவதும், அதனை லயத்து வாசல்வரை கொண்டு செல்வதும் பல்கலைக்கழகம் புகும் மலையகத் தலைமுறையின் கடமையாகும்.