முதல் விருந்து

புதிதாக வீட்டிற்கு வரும் விருந்தினருக்கு எதை முதலில் படைப்பது என்பதை நம் தாய்மார் நன்கு அறிவர். காரம் தாங்காதவர் இலையில் மிளகாய்த் துவையலை வைப்பதில்லை. பசியோடு வந்தவருக்குப் பாயசத்தைக் கொடுத்து வயிற்றை அடைப்பதும் இல்லை. வந்தவர் யார், எந்த ஊரார், எதை உண்டு வளர்ந்தவர் என்று பார்த்தே பரிமாறுகின்றனர். வயிற்றுக்கு இவ்வளவு எண்ணிப் பரிமாறும் நாம், உள்ளத்திற்கு விருந்து வைக்கும்போது மட்டும் ஏனோ எண்ணிப் பார்ப்பதில்லை. நமக்குப் பிடித்ததை அள்ளி இலையில் கொட்டுகிறோம். விருந்தினர் முகம் சுளித்தால், "இவருக்குச் சுவை தெரியவில்லை" என்று தீர்ப்பும் கூறிவிடுகிறோம்.

அனிமே என்று இன்று உலகெங்கும் வழங்கும் ஜப்பானியச் சித்திரப் படங்களைப் பற்றியே பேச வந்தேன். நம் மாணவரிடையே இவற்றைப் பாராதவர் சிலரே. ஷின்சானும் டோராமானும் தமிழ் பேசக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். 2025 செப்டம்பரில் 'டீமன் சிலேயர்' படம் தமிழ்க் குரலோடு திரையரங்குகளுக்கு வந்தபோது நம்முள் எத்தனை பேர் வகுப்பை மறந்தோம் என்பதை இங்கு எழுதுவது நன்றன்று! ஆயினும், வீட்டுப் பெரியவரிடம் இப்படங்களைப் பற்றிப் பேசிப் பாருங்கள். "பொம்மைப் படமா? அது குழந்தைகளுக்கு அல்லவா?" என்பதே விடையாக இருக்கும்.

இதற்குப் பெரியவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நம் நண்பர் ஒருவர் தம் அக்காளுக்கு அனிமேயை அறிமுகம் செய்ய விரும்பினார். அவர் எடுத்து வைத்தது 'ஒன் பீஸ்'. 1999-இல் தொடங்கிய அத்தொடர் ஆயிரம் பகுதிகளைக் கடந்து நிற்பது. "முதல் ஐம்பது பகுதிகளைப் பொறுத்துக்கொள், அக்கா, பிறகு பிரமாதமாக இருக்கும்" என்றாராம். அக்காள் இரண்டாம் பகுதியிலேயே அடுப்பில் பால் வைத்ததாகச் சொல்லி எழுந்துபோனார். அந்தப் பால் இன்னும் பொங்கவில்லை!

எனக்கு வாய்த்த விருந்தினர் என் பெரியப்பா. படிப்பின் பொருட்டுப் பெங்களூர் வந்த என்னைப் பிரேசர் டவுனில் உள்ள தம் வீட்டில் வைத்துக்கொண்டவர் அவர். முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். படம் பார்ப்பதில் கண்டிப்பானவர். சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'யையும் மகேந்திரனின் 'உதிரிப்பூக்க'ளையும் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். பிடிக்காத படத்தில் இடைவேளைக்குமேல் இருக்கமாட்டார். பெரியம்மா மறைந்த பிறகு அந்தப் பேச்சும் நின்றுவிட்டது. மாலையில் மசூதிச் சாலை வழியே கோல்ஸ் பூங்கா வரை நடப்பார். திரும்பி வந்து கூடத்தில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் நான் மடிக்கணினியில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார்.

"என்ன தம்பி, நாள்தோறும் இந்தப் பொம்மைகளையே பார்க்கிறாய். அதில் அப்படி என்னதான் இருக்கிறது? நல்லதாக ஒன்று காட்டு, பார்ப்போம்" என்றார்.

எளிய வேண்டுகோள்தான். ஆனால், அவரை நான் அறிவேன். முதல் படம் பிடிக்காவிட்டால் இரண்டாவது வாய்ப்பு இல்லை. அது மட்டுமன்று, பல திங்களுக்குப் பிறகு அவர் தாமாகக் கேட்ட முதற் பொருள் அது. அந்தக் கதவு மறுபடி மூடிக்கொண்டால் யார் திறப்பது? ஒரு வாரம் தவணை கேட்டுக்கொண்டேன்.

உலகப் புகழ் பெற்றதையே காட்டலாமே என்பது முதலில் எழுந்த எண்ணம். ஹயாவோ மியாசாக்கியின் 'ஸ்பிரிட்டட் அவே' 2001-இல் வெளிவந்து, 2002-இல் பெர்லின் விழாவில் தங்கக் கரடியையும், 2003-இல் ஆஸ்கரையும் பெற்றது. ஆயின், அதில் தெய்வங்களும் ஆவிகளும் திரைமுழுதும் நிறைந்து ததும்பும். இயல்பான வாழ்க்கையின் சிறு அசைவுகளை விரும்பும் ஒருவருக்கு அது முதல் கவளமாகுமா? பரிசு பெற்றது என்பது படத்தின் பெருமை. இவருக்குப் பொருந்துவது என்பது வேறு.

'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்' நினைவுக்கு வந்தது. இசாவோ தக்காஹாத்தா 1988-இல் இயக்கியது. போரில் தாயை இழந்த அண்ணனும் தங்கையும் படும் பாட்டைக் கூறுவது. சித்திரப் படம் குழந்தைகளுக்கு மட்டும் உரியதன்று என்பதை மெய்ப்பிக்க அதைவிடச் சான்று வேண்டா. ஆனால், துணையை இழந்து ஓராண்டும் ஆகாத மனிதர்முன் அதை வைப்பது வாதத்தில் வெல்ல உதவுமேயன்றி, அவருக்கு விருந்தாகாது.

நம் நாட்டுக் கதையாயிற்றே என்று 1992-இல் முடிந்த இராமாயணப் படத்தையும் எண்ணினேன். ஜப்பானியரான யூகோ சாக்கோவும் நம் நாட்டு ராம் மோகனும் கூடி உருவாக்கிய அரிய முயற்சி அது. 2025 சனவரியில் தமிழ்க் குரலோடும் திரைக்கு வந்தது. ஆனால் பெரியப்பா கம்பனில் தோய்ந்தவர். படத்தைப் பாராமல் கம்பனோடு ஒப்பிட்டுக்கொண்டே இருப்பார். தெரிந்த கதையும் சில வேளைகளில் தடையாகும்.

இறுதியில் தேர்ந்தது, அதே தக்காஹாத்தா 1991-இல் இயக்கிய 'ஒன்லி யெஸ்டர்டே'. அதில் பேய் இல்லை, போர் இல்லை, பறக்கும் மனிதர் இல்லை. டோக்கியோவில் அலுவலகப் பணி செய்யும் தாயெக்கோ என்னும் இருபத்தேழு வயதுப் பெண், 1982-இல் விடுமுறை எடுத்துக்கொண்டு யாமகாத்தா என்னும் வடபுலத்து நாட்டுப்புறத்திற்குக் குசும்பாப் பூப் பறிக்கச் செல்கிறாள். போகும் வழியெல்லாம், ஐந்தாம் வகுப்பில் படித்த 1966-ஆம் ஆண்டு நினைவுகள் அவளோடு வருகின்றன. கதை இவ்வளவே. நிகழ்காலக் காட்சிகள் நிறைந்த வண்ணத்தில் இருக்கும். நினைவுக் காட்சிகளோ வெளிறிய நீர்வண்ணத்தில் தீட்டப்பட்டு, ஓரங்களில் வெண்மையாய்க் கரைந்து போகும். நினைவு என்பது அப்படித்தானே? நடுவில் தெளிவு, ஓரத்தில் வெறுமை. நிழற்படக் கருவி எளிதில் செய்ய இயலாததைத் தூரிகை செய்துவிடுகிறது. இதை ஏன் சித்திரமாக எடுக்கவேண்டும் என்று கேட்பவருக்கு அதுவே விடை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பார்க்கத் தொடங்கினோம். ஜப்பானிய மொழியில் பேச்சு. கீழே ஆங்கில எழுத்துகள். வாய் திறந்து எதையும் விளக்குவதில்லை என்று உறுதி செய்துகொண்டேன். தாயெக்கோவின் வீட்டிற்கு முதன்முறையாக அன்னாசிப் பழம் வருகிறது. எப்படி நறுக்குவது என்பதே ஒருவருக்கும் தெரியவில்லை. ஆவலோடு வாயில் போட்டால் கடினமாயிருக்கிறது, இனிப்பும் இல்லை. மற்றவர் ஒதுக்கிவிட, சிறுமி மட்டும் விடாமல் தின்கிறாள். பெரியப்பா சிரித்தார். அந்தக் கூடத்தில் அச்சிரிப்பைக் கேட்டு நெடுநாள் ஆகியிருந்தது.

பிறகு அந்தக் கணக்குக் காட்சி வந்தது. மூன்றில் இரண்டை நாலில் ஒன்றால் வகுக்கவேண்டும். தேர்வில் மிகக் குறைந்த மதிப்பெண் பெற்ற தாயெக்கோவுக்கு அக்காள் கற்பிக்கிறாள். தலைகீழாக்கிப் பெருக்கினால் முடிந்தது என்கிறாள். சிறுமியோ ஆப்பிள் ஒன்றை வரைந்து, பின்னத்தைப் பின்னத்தால் வகுப்பது என்றால் என்ன பொருள் என்று கேட்கிறாள். மூன்றில் இரண்டு பங்கை நால்வருக்குப் பிரித்தால் ஒருவருக்கு ஆறில் ஒன்று அல்லவா என்கிறாள். அக்காளால் விளக்க முடியவில்லை, கோபம்தான் வருகிறது.

"நிறுத்து, தம்பி" என்றார் பெரியப்பா.

நிறுத்தினேன். அவர் பென்சிலை எடுத்து, செய்தித்தாளின் ஓரத்தில் ஆப்பிள் ஒன்று வரைந்தார். "இவள் மந்தமான பெண் அல்லள். நாலால் வகுத்துவிட்டாள், அதற்கு ஆறில் ஒன்று சரியான விடை. கேட்டது நாலில் ஒன்றால் வகுக்க. அதாவது, மூன்றில் இரண்டு பங்குக்குள் எத்தனை கால் பங்கு இருக்கிறது என்பது கேள்வி. இரண்டு கால் முழுதாக அடங்கும், மூன்றாவது காலில் மூன்றில் இரண்டு பங்கு அடங்கும்" என்றார். சற்று நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாழ்ந்த குரலில், "முப்பத்தைந்து ஆண்டு 'தலைகீழாக்கிப் பெருக்கு' என்று சொல்லிக் கொடுத்தேன். ஏன் என்று கேட்ட பிள்ளைகளும் இருந்தார்கள். எதிர்த்துப் பேசுகிறான் என்று உட்காரவைத்தேன்" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? எங்கோ ஜப்பானில் வரையப்பட்ட ஒரு சிறுமி, பிரேசர் டவுனில் ஓர் ஆசிரியரின் உள்ளத்தில் நெடுங்காலம் மூடிக்கிடந்த அறையைத் திறந்துவிட்டாள். மீதிப் படத்தை மறுநாள் பார்த்தோம். அன்றிரவு உணவின்போது அவர் தம் மாணவர்களைப் பற்றியும், பெரியம்மா அவர்களுக்காகப் பரிந்து பேசியதைப் பற்றியும் பேசிக்கொண்டேயிருந்தார்.

இரண்டாம் விருந்தை அவரே கேட்டார். சுனாவோ கத்தாபுச்சி 2016-இல் இயக்கிய 'இன் திஸ் கார்னர் ஆஃப் தி வேர்ல்ட்' படத்தைக் காட்டினேன். ஹிரோஷிமாவில் பிறந்து, 1944-இல் கூரே என்னும் கடற்படைத் துறைமுக நகருக்கு வாழ்க்கைப்பட்டுச் செல்லும் சுசு என்னும் பெண்ணின் கதை. குண்டுகளைவிட அடுக்களையே அதில் மிகுதி. பங்கீட்டு அரிசி குறையக் குறையக் களைச்செடிகளைப் பறித்துச் சமைத்துக் குடும்பத்தைக் காக்கும் திறம் மிகுதி. மேலே சொல்லி உங்கள் சுவையைக் கெடுக்கமாட்டேன். அப்படம் தொடங்குவதற்கே பொதுமக்கள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் பணம் அனுப்பி உதவினர் என்பது மட்டும் அறியத்தக்கது.

அதைப் பார்த்தபின் பெரியப்பா தம் ஊரின் கதையைச் சொன்னார். 1898-இல் பெங்களூரில் பிளேக் என்னும் கொள்ளைநோய் புகுந்தது. நெருக்கமான தண்டுப் பகுதியில் மக்கள் மடிந்தனர். நெருக்கத்தைக் குறைக்கவே புறத்தே அகன்ற தெருக்களோடு இப்பகுதி அமைக்கப்பட்டு, 1910-இல் ஸ்டூவர்ட் பிரேசர் என்னும் ஆங்கில அதிகாரியின் பெயரைப் பெற்றது. இன்று புலிகேசி நகர் என்பது அதன் பெயர். மக்கள் நாவில் பழம்பெயரே நிற்கிறது. "இந்த ஊரும் ஒரு துக்கத்துக்குப் பிறகு கட்டிய ஊர்தான், தம்பி" என்றார். அதற்குமேல் அவர் விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மூன்றாவதாக, 2016-இல் வந்த 'ஷோவா கென்ரோக்கு ரக்குகோ ஷிஞ்ஜூ' என்னும் தொடர். ரக்குகோ என்பது ஜப்பானியரின் கதைசொல்லும் கலை. ஒருவரே மேடையில் மெத்தைமேல் அமர்ந்து, கையில் விசிறியும் துணியும் மட்டும் கொண்டு, எல்லா மாந்தராகவும் மாறி மாறிப் பேசுவார். நம் கதாகாலட்சேபத்தின் ஒன்றுவிட்ட உறவு எனலாம். இளமையில் கோயில் திருவிழாக்களில் விடிய விடியக் கதை கேட்டவருக்கு வேறென்ன வேண்டும்? நாளுக்கு ஒரு பகுதி என்று அளந்து பார்த்தார்.

எல்லாம் வெற்றி என்று நினைத்துவிட வேண்டா. பின்னொரு நாள் 'ஸ்பிரிட்டட் அவே' காட்டியபோது, "அழகாகத்தான் இருக்கிறது, எனக்கு மூச்சு முட்டுகிறது" என்று பாதியில் எழுந்துவிட்டார். அதனால் அப்படமும் தாழ்ந்துவிடவில்லை. அவர் சுவையும் தாழ்ந்துவிடவில்லை.

நண்பர்களே, இதிலிருந்து நான் தெளிந்தவை சில. புதியவருக்குப் படம் தேரும்முன் அந்த மனிதரைத் தேருங்கள். அவர் ஏற்கெனவே எதை நேசிக்கிறார் என்று அறியுங்கள். ஓரிரு அமர்வில் முடிவதைக் கொடுங்கள்; ஆண்டுக்கணக்கில் கடன் வைக்காதீர்கள். பத்துப் படம் பார்த்தவருக்கே விளங்கும் குறிப்புகள் நிறைந்ததைத் தள்ளிவையுங்கள். அவர் புண்பட்டிருக்கும் இடத்தில் கை வைக்காதீர்கள். பார்க்கும்போது அருகில் இருங்கள், ஆனால் பேசாதிருங்கள்.

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்று வகுத்தார். அந்த எட்டும் இச்சித்திரங்களில் உண்டு; திணை வகுத்த நம் முன்னோர் மகிழத்தக்க வயலும் மலையும் மழையும் உண்டு. நாம் நேசிக்கும் கலை மதிக்கப்படவில்லையே என்று வருந்துவதில் பயனில்லை. அதை மதிக்கத்தக்க முறையில் எடுத்துப் படைக்கும் பொறுப்பு நம்முடையது. வரும் விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது உங்கள் வீட்டிலும் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவர் இருக்கக்கூடும். அவருக்கு ஏற்றது எது என்று புறப்படுமுன்னரே எண்ணத் தொடங்குங்கள்.